மியூட் பட்டன் மகாத்மியம்

1980 ஆகஸ்டில் ஓசூரிலிருந்து வெளியே வந்த டிவிஎஸ் 50-ஐ மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். மொபெட் என்பதால் பெடல் உண்டு; மேட்டில் ஏறாவிட்டாலும் மிதிக்கலாம் என்பது கூடுதல் வசதி. இன்று அதே ஊரில் அதே கம்பெனி செய்யும் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டர் பட்டனைத் தட்டினால் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறது. இந்த ஊரின் வரலாற்றை மிதியிலிருந்து பட்டனுக்கு வந்த வரலாறு என்று எழுதினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சிப்காட்டில் எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் பச்சை பட்டன், சிவப்பு பட்டன், காளான் போல் தலை பெருத்த எமர்ஜென்சி பட்டன். அழுத்தினால் ஓட வேண்டும், அழுத்தினால் நிற்க வேண்டும். இல்லையென்றால் மெயின்டனன்ஸ்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவார்.

அப்படிப்பட்ட ஊரில், அழுத்தினால் ஒன்றுமே ஆகாத ஒரு வரிசை பட்டன்களோடு நான் சில வருடம் குடித்தனம் நடத்தினேன். சம்பளம் டூல் ரூமில் சிஎன்சி மெஷின்களுக்கு புரோகிராம் எழுத. அறைக்கு வந்தபின் சம்பளமில்லாமல் பார்த்த வேலை, லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்வது.

அது 2007. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் லேப்டாப் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "சார், வித் ஓஎஸ்ஸா, டாஸா?" டாஸ் என்றால் விண்டோஸ் லைசென்ஸ் இல்லாதது, சில ஆயிரம் குறையும். ஃப்ரீடாஸ் என்று பெயருக்கு ஒன்று உள்ளே இருக்கும். அதில் ஒரு கடிதம் அடித்தவரைக்கூட நான் பார்த்ததில்லை. வாங்கியவர்கள் பக்கத்துச் சந்திலேயே ஏதோ ஒரு சிடியிலிருந்து "ஓஎஸ் போட்டுக்கொண்டு" பஸ் ஏறுவார்கள். எனக்கு அந்தச் செலவும் மிச்சம். உபுண்டு லினக்ஸ் சிடியைக் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம். 2011 வரை அனுப்பினார்கள். வெளிநாட்டு உறையைக் கொண்டுவந்த தபால்காரர், "ஃபாரின்ல யாருப்பா இருக்காங்க உனக்கு?" என்று கேட்டார். யாருமில்லை என்றால் நம்புவாரா? "சொந்தக்காரங்க" என்று சொல்லிவைத்தேன்.

லினக்ஸ் நன்றாக ஏறியது. திரை வந்தது, வைஃபை சிணுங்கிவிட்டு வந்தது, மெஷினுக்கு புரோகிராம் அனுப்பும் ஒன்பது பின் சீரியல் கேபிள்கூட கேட்ட மாத்திரத்தில் பேசியது. பேசாதது மேல் வரிசை மட்டும்தான். எஃப் விசைகளின்மேல் நீல மையில் சின்னச் சின்னப் படங்கள்: ஒலிபெருக்கி, குறுக்கே கோடு போட்ட ஒலிபெருக்கி, சூரியன், சின்ன சூரியன். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் எல்லாம் நடக்கும் என்று அட்டைப் பெட்டியில் படம் போட்டிருந்தது. லினக்ஸில் அவை அலங்காரம்.

சத்தத்தைக் குறைக்க மவுஸ் இல்லையா என்று கேட்பவர்கள் மூக்கண்டப்பள்ளியில் ஷிஃப்ட் ஆட்களோடு அறை எடுத்துத் தங்காதவர்கள். நான்கு பேர், மூன்று ஷிஃப்ட், இரண்டு பாய். எந்த நேரமும் யாராவது ஒருவர் போர்வைக்குள் இருப்பார். அந்தக் கால உபுண்டுவில் உள்ளே நுழையும்போது ஒரு மத்தளச் சத்தம் கேட்கும். நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்த அரூர்க்கார நண்பன் போர்வைக்குள்ளிருந்தே சொல்வான்: "மச்சான், அந்த உடுக்கைய அடிக்காதடா. சாமி வந்துரப் போவுது."

எனவே மியூட்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மெஷினில் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் உடனே பட்டனைக் கழற்றக் கூடாது. ஃபனுக் கன்ட்ரோலரில் பிஎம்சி திரையைத் திறந்து, அந்த பட்டனுக்கான இன்புட் முகவரியைப் பார்க்க வேண்டும். எமர்ஜென்சி பட்டனுக்கு எக்ஸ்8.4. பட்டனை அழுத்தும்போது அங்கே பூஜ்யமும் ஒன்றும் மாறினால் ஒயரில் பழுதில்லை, கோளாறு மேலே லாஜிக்கில். மாறாவிட்டால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.

லினக்ஸில் அந்தத் திரைக்குப் பெயர் எக்ஸ்இவி. ஓட்டினால் ஒரு சின்ன வெள்ளைச் சன்னல் வரும், நடுவே ஒரு கட்டம். அதன்மேல் சுட்டியை வைத்துக்கொண்டு விசையை அழுத்தினால் பின்னாலிருக்கும் கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடும். மியூட்டை அழுத்தினேன்: கீகோடு 160. ஒலிக் குறைப்பு 174, ஒலிக் கூட்டல் 176. ஆக, ஒயரில் பழுதில்லை. எண் வருகிறது, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மேலே யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. எக்ஸ்மாட்மேப் என்ற கோப்பில் 160 என்றால் மியூட் என்று எழுதி, எக்ஸ்பைண்ட்கீஸில் மியூட் என்றால் ஏமிக்சரைக் கூப்பிடு என்று எழுதி, லாகின் ஆகும்போது இரண்டும் தானாக எழுந்திருக்க வழி செய்ததும் மியூட் மியூட் ஆனது.

ஒலிக் கூட்டலில் வேறு வகை வேடிக்கை. சில லேப்டாப்களில் அந்த விசையை அழுத்தினால் "அழுத்தினார்" என்று செய்தி வரும். கையை எடுத்தால் "எடுத்தார்" என்ற செய்தி வராது. கெர்னல் பாவம், ஆள் இன்னும் விரலை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்துக்கொள்ளும். ஒரு தட்டு தட்டினால் சத்தம் தானாக ஏறி ஏறி உச்சியில் போய் உட்காரும். இந்த நோய் பல மாடல்களுக்கு இருந்ததால், எந்தெந்த மாடலில் எந்தெந்த விசைக்கு "எடுத்தார்" என்று கெர்னலே பொய்ச் செய்தி போட்டுக்கொள்ள வேண்டும் என்று விசைப்பலகை டிரைவருக்குள் ஒரு பட்டியல் சேர்ந்தது. அந்தப் பட்டியல் வந்து சேருமுன் அரூர்க்காரனுக்கு இரண்டு மூன்று முறை சாமி வந்துவிட்டது.

சூரியன்கள் இன்னும் மோசம். வெளிச்ச விசையை அழுத்தினால் எக்ஸ்இவியில் சலனமே இல்லை. டிமெசேஜைப் பார்த்தால், அடையாளம் தெரியாத விசை அழுத்தப்பட்டது, அதைத் தெரிந்ததாக்க செட்கீகோட்ஸ் கட்டளையில் இன்ன எண்ணைக் கொடு என்று கெர்னல் மரியாதையாக எழுதிவைத்திருக்கும். கொடுத்தாலும் எல்லா விசையும் வழிக்கு வராது. காரணம், எஃப்என் சேர்ந்த விசை பல லேப்டாப்களில் சாதாரண எழுத்து விசை போகும் சாலையில் போவதில்லை. உள்ளே எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு தனிச் சில்லு அதைப் பிடித்து பயாஸிடம் கொடுக்கும். பயாஸ் ஏசிபிஐ வழியாகவோ டபிள்யூஎம்ஐ வழியாகவோ இயங்குதளத்திடம் நீட்டும். கெர்னலில் அந்தத் தயாரிப்பாளருக்கென்று டிரைவர் இருந்தால் அது வாங்கும். அப்புறம்தான் திரையில் சன்னல்களைக் காட்டும் எக்ஸ், அப்புறம் டெஸ்க்டாப். ஜுஜுவாடி, அத்திப்பள்ளி சோதனைச் சாவடிகளில் பேப்பர் காட்டிக் காட்டி நகர்ந்த தக்காளி லாரியின் கதைதான் இந்த விசைக்கும். எந்தக் கேட்டில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்தக் கேட்டுகளில் ஒன்றில் நடப்பதைத் தெரிந்துகொண்டபோது நான் சிரித்த சிரிப்புக்கும் நண்பன் எழுந்துகொண்டான். மெஷின் துவங்கும்போது பயாஸ் இயங்குதளத்திடம் ஒரு கேள்வி கேட்கும்: நீ விண்டோஸின் இந்தப் பதிப்பா? அடுத்த பதிப்பா? அதற்கடுத்ததா? லினக்ஸ் கெர்னல் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும். நீ லினக்ஸா என்று கேட்டால், 2007-இல் வந்த 2.6.23-இலிருந்து, இல்லை என்று சொல்லும். பொய்தான். ஆனால் காரணமான பொய். தயாரிப்பாளர்கள் பயாஸை விண்டோஸில் மட்டுமே சோதித்து அனுப்புகிறார்கள். லினக்ஸ் என்றால் இப்படி நடந்துகொள் என்று எழுதிய பகுதியை யாரும் ஓட்டிப் பார்த்திருப்பதில்லை. உண்மையைச் சொன்னால் சோதிக்காத சந்துக்குள் தள்ளிவிடுவார்கள். சுதந்திர மென்பொருள் என்று மேடையில் முழங்குகிறோம். வெளிச்சம் கூட வேண்டுமென்றால் வாசலில் மைக்ரோசாஃப்ட் பெயரைச் சொல்லித்தான் உள்ளே போகிறோம். வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் அத்திப்பள்ளியில் கன்னடமும் பேசிப் பிழைக்கும் எங்கள் பக்கத்து ஆளுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

எழுதிச் சேர்த்த கோப்புகளைப் பென் டிரைவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். 2008 அக்டோபரில் உபுண்டு 8.10 வந்தது. அதில் விசைகளைப் படிக்கும் வேலையைப் பழைய டிரைவரிடமிருந்து பிடுங்கி ஈவிடெவ் என்ற புதியதிடம் கொடுத்தார்கள். நல்ல மாற்றம்தான், செருகிய விசைப்பலகையை உடனே தெரிந்துகொள்ளும். ஆனால் எண்களெல்லாம் இடம் மாறின. மியூட் 160 இல்லை, 121. ஒலிக் கூட்டல் 123. என் பழைய 176 இப்போது பாட்டைப் பின்னோக்கி ஓட்டும் விசைக்குப் போய்விட்டது. இன்னொன்று: பழைய கணக்கில் 111 என்றால் பிரிண்ட் ஸ்க்ரீன், புதிய கணக்கில் 111 என்றால் மேல் அம்பு. பழைய அட்டவணை எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், புரோகிராமில் ஒரு வரி மேலே போகலாம் என்று அம்பை அழுத்தினால் திரையைப் படம் பிடித்து, இதை எங்கே சேமிக்கட்டும் என்று கேட்கும். நான் ஜி-கோடு எழுதும் வேகத்தில் அம்பைத் தட்டுகிறவன். எத்தனை போட்டோ எடுத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நினைவுக்குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கஷ்டப்பட்டோம், கற்றுக்கொண்டோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் இரவெல்லாம் கண்டுபிடித்தவை இயற்கையின் ரகசியங்கள் அல்ல. ஒரு தயாரிப்பாளர் தன் மேஜையில் வைத்திருந்த அட்டவணையை வெளியில் தராததால் ஆளாளுக்கு உட்கார்ந்து திரும்பத் திரும்ப எழுதிய நகல்கள். ஒரே விசைக்கு ஓசூரில் ஒருவன், பிரேசிலில் ஒருவன், போலந்தில் ஒருவன். பொற்காலம் என்று சொல்பவரிடம் அந்த லேப்டாப்பைக் கொடுத்து, பக்கத்தில் படுத்து ஒரு நைட் ஷிஃப்ட் தூக்கத்தை முடித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

மெய்யாகவே வேலை பார்த்தவர்கள் வேறு. மேத்யூ காரெட் என்பவர் கேம்பிரிட்ஜில் மரபியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு லேப்டாப் பயாஸ்களைக் குடைய வந்தார். கெர்னலில் லேப்டாப் டிரைவர்கள் இருக்கும் பகுதியைச் சில ஆண்டுகள் அவர்தான் பராமரித்தார். எச்பிக்கு ஒன்று, டெல்லுக்கு ஒன்று, ஏசருக்கு ஒன்று, திங்க்பேடுக்கு ஒன்று என்று அங்கே டிரைவர்கள் சேர்ந்தன. 2013 வாக்கில், எந்த மாடலில் எந்த விசைக்கு எந்த அர்த்தம் என்பது சிஸ்டம்டியின் எச்டபிள்யூடிபி என்ற ஒரே அட்டவணைக்குள் வந்தது. யாரோ ஒருவர் தன் மாடலுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் உலகத்தில் அந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருடைய விசையும் அடுத்த அப்டேட்டில் விழித்துக்கொள்ளும். என் பென் டிரைவ் அன்றோடு ஓய்வு பெற்றது.

அந்த இடைவெளியில் தமிழ்நாட்டில் நடந்த கூத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக உமாசங்கர் ஐஏஎஸ் இருந்தபோது அரசுக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசாங்கமே நம் கட்சிக்கு வந்துவிட்டது என்று எங்களைப் போன்றவர்கள் மிதந்தோம். பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது, தமிழ் உள்படப் பல இந்திய மொழிகள் பேசும். ஒரு காலத்தில் சிடிக்குத் தபால்காரரை எதிர்பார்த்து நின்றவன் நான். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மூலை கிராமத்துப் பிளஸ் டூ பெண்ணின் பையில் லினக்ஸ் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வீட்டுக்கு வருகிறது.

வந்ததும் என்ன ஆனது? சூளகிரியிலிருக்கும் அக்கா மகன் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாமா, இதுல பாஸுன்னு ஒண்ணு எடத்த அடைச்சிக்கிட்டிருக்கு. எடுத்துருங்க."

"எதுக்குடா?"

"படம் வெக்க எடம் பத்தல."

அவனுக்கு லினக்ஸின்மேல் விரோதமில்லை. அதைத் திறந்தே பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களிலும் மொபைல் கடைகளிலும் அப்போது சுறுசுறுப்பான வியாபாரம் அதுதான்: பாஸை எடுத்துவிட்டு மொத்த இடத்தையும் விண்டோஸுக்குக் கொடுப்பது. எஸ்.பி. ரோட்டில் ஓஎஸ் இல்லாத பெட்டிக்கு ஓஎஸ் போட்டார்கள்; பத்து வருடத்துக்குள் இங்கே ஓஎஸ் அதிகமான பெட்டியிலிருந்து ஒன்றைப் பிடுங்கக் காசு வாங்கினார்கள். நான் எடுக்கவில்லை, பாடம் நடத்தத் தொடங்கினேன். தேநீர் ஆறுவதற்குள் பையன் பெட்டியை மூடிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

அந்தப் பையன் இப்போது என்னைவிட நல்ல வேலையில் இருக்கிறான். தேன்கனிக்கோட்டை பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் வந்து ஐபோன் பாகங்கள் செய்ய ஆரம்பித்தபின் அந்தச் சாலையே மாறிவிட்டது. கம்பெனி பஸ்களும் பெண்கள் விடுதிகளும் வந்துவிட்டன. விடிகாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண் பிள்ளைகள் வரிசையில் ஒடியாவும் இந்தியும் கேட்கிறது. இதிலும் எனக்கு ஒரு தனிப்பட்ட வயிற்றெரிச்சல். நான் மியூட்டுக்காகக் கோப்பு எழுதிக்கொண்டிருந்த அதே 2007-இல்தான் முதல் ஐபோன் வந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ்ப்பாள். தள்ளினால் வாய் மூடிக்கொள்ளும். டிரைவரும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். அந்தத் தாழ்ப்பாள் பதினாறு வருடம் தாக்குப்பிடித்தது. அந்த போனின் பாகங்களை எங்கள் ஊரில் கடையத் தொடங்கியபின், 2023-இல் ஐபோன் 15 ப்ரோவில் அதை எடுத்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் செட்டிங்ஸில் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பட்டனை வைத்தார்கள். அந்த வேலையை ஓசியில் செய்தபோது என்னை வேலையற்றவன் என்றார்கள். அவர்கள் அதை அம்சம் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

இன்று லினக்ஸில் விசைகள் வேலை செய்கின்றன. இதை எழுதும்போதே ஒருவித ஏமாற்றம் தொனிக்கிறது, கவனித்தேன். புதிய லேப்டாப்பை யூஎஸ்பியில் துவக்கி ஒலியைத் தட்டினால் கூடுகிறது, சூரியனைத் தட்டினால் வெளிச்சம் ஏறுகிறது, திரையின் ஓரத்தில் அழகான பட்டை ஒன்று தோன்றி மறைகிறது. மைக்கை அடைக்கும் விசைகூட எரிகிறது, அணைகிறது. அந்த விசைக்குப் பின்னால் பழைய காலத்து ஒட்டு வேலை ஒன்று ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. கெர்னலில் அதன் எண் 248. எக்ஸ் ஒவ்வொரு எண்ணோடும் எட்டைக் கூட்டும், கூட்டினால் 256. எக்ஸால் பார்க்க முடிந்தது 255 வரைதான். ஒரே ஒரு எண்ணால் எல்லைக்கு வெளியே போய்விட்டது. அதனால் அட்டவணையில் பல மாடல்களுக்கு மைக் விசை எஃப்20 என்ற இல்லாத விசையின் வேடத்தில் நடமாடியது. 2020-இல் ஊரே அடங்கி, ஆபீஸ் முழுக்க வீட்டுக் கூடத்துக்கு வந்து, குக்கர் விசில் மேலாளர் காதில் விழத் தொடங்கியபோது எத்தனை மானத்தை அந்த வேடதாரி காப்பாற்றியது என்பதற்குக் கணக்கில்லை.

அரசாங்கமும் மடிக்கணினித் திட்டத்தைத் திரும்ப ஆரம்பித்துவிட்டது. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். அக்காவின் கடைக்குட்டிப் பெண் கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறாள். அரசாங்கத்துடையது வருகிறபடி வரட்டும் என்று அவள் அண்ணனே கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டான். பாடத்தில் பைத்தான் இருப்பதால் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். போட்டேன். எல்லா விசையும் முதல் தட்டிலேயே பதில் சொன்னது. நான் செய்ய ஒன்றுமில்லை. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, இந்த ஒண்ணு மட்டும் வேல செய்யல" என்றாள்.

ஸ்பேஸ் பாருக்கு வலப்புறம், பழைய கன்ட்ரோல் விசையின் இடத்தில், சுருள் போல ஒரு சின்னம். மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் அறிவித்த கோபைலட் விசை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இந்தக் காலத்து எக்ஸ்இவிக்கு ஈவ்டெஸ்ட் என்று பெயர். ஓட்டி, அழுத்தச் சொன்னேன். ஒரு விசைக்கு மூன்று வரி வந்தது: இடது ஷிஃப்ட், விண்டோஸ் விசை, எஃப்23. செயற்கை நுண்ணறிவை எழுப்புவதற்கென்றே பிறந்த விசை தனக்கென்று ஒரு எண்கூட இல்லாமல், விசைப்பலகையில் கண்ணுக்கே தெரியாத எஃப்23-ஐ இரவல் வாங்கி, கூட இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறது. அந்த எஃப்23-ஐப் புரிந்துகொள்ளும் திருத்தம் கெர்னல் 6.14-இல், 2025 மார்ச்சில்தான் சேர்ந்தது. அவள் பெட்டியில் இருந்ததோ அதற்குப் பிந்தைய கெர்னல். எண் ஒழுங்காக மேலே வருகிறது, மேலே வாங்கிக்கொள்ள ஆளில்லை. 2007-இல் 160 நின்ற அதே நிலை. எனக்கு வயது குறைந்துவிட்டது.

"இதுக்கு என்ன வேல கொடுக்கலாம், சொல்லு."

யோசித்தாள். "தமிழ்ல டைப் பண்ண ஒவ்வொரு தடவையும் மேல போயி மாத்த வேண்டியிருக்கு மாமா."

கீடி என்ற சின்ன நிரலில் நான்கு வரி. மூன்று விசை சேர்ந்து வந்தால் உள்ளீட்டு மொழியை மாற்று. இப்போது கோபைலட்டைத் தட்டினால் தமிழ்99 வருகிறது, இன்னொரு தட்டுக்கு ஆங்கிலம். 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகைக்கு மைக்ரோசாஃப்டின் ரெட்மண்டிலிருந்து தனியாக ஒரு பட்டன் வந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் ரெட்மண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. சார்ஜரைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒன்று கேட்டாள்.

"மாமா, அப்டேட் வந்தா இது போயிருமா?"

"போகும்" என்றேன். "போனா எடுத்துட்டு வா."